அமானுஷ்யக் கதை இணையச் சித்திரத் தொடராகும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

நூறாண்டுப் பழைய அமானுஷ்யக் கதை ஒன்றை எடுத்து, வாரம் ஓர் அத்தியாயமாகப் படம் போட்டு வெளியிடத் தொடங்குகிறவர்களை ஏறக்குறைய ஒரே மாதிரியான சங்கடங்கள்தான் பிடிக்கின்றன. வரையத் தெரியாததால் வருபவை அவற்றில் மிகக் குறைவு. மூலக்கதை சொற்களால் மறைத்து வைத்ததைப் படத்தில் எப்படி மறைப்பது என்று யோசிக்காமல் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

முதலில் ஒரு சோதனை. வெளியான அத்தியாயம் ஒன்றைத் திறந்து, எழுத்து இருக்கும் அடுக்கை அணைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு படங்களை அணைத்து எழுத்தை மட்டும் படியுங்கள். எழுத்து மட்டுமே கதையை முழுதாகச் சொல்லிவிட்டால் கோளாறு விவரணைப் பெட்டிகளில், அதாவது கதைசொல்லியின் வரிகளைப் படத்தின்மேல் தாங்கும் சதுரங்களில், இருக்கிறது. படங்கள் கதையைச் சொல்லியும் பயம் வரவில்லை என்றால் உருவத்தில் இருக்கிறது. கணினியில் இரண்டும் சரியாக இருந்தும் வாசகர் குறை சொல்கிறாரா? அதே அத்தியாயத்தைப் போனில், திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே படித்துப் பாருங்கள். எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

அறிகுறி: பூதம் வந்ததும் வாசகர் சிரிக்கிறார்

ஐந்து அத்தியாயம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஆறாவதில் பூதத்தை முழு உடம்போடு பார்த்ததும் ‘இவ்வளவுதானா’ என்று போய்விடுகிறார். உடனே நாம் செய்வது, கால்களைக் கூட்டுவது, கண்களைக் கூட்டுவது, மேலே கொஞ்சம் சளியையும் பூசுவது. அதனால் சிரிப்பு கூடுமே தவிர அடங்காது.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் ‘பெயரிட முடியாத’, ‘சொல்லில் அடங்காத’ என்றெல்லாம் எழுதும்போது உருவத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. அதைப் பார்த்தவன் என்ன ஆனான் என்பதைத்தான் சொல்கிறார். மிச்சத்தை வாசகனின் மனம் நிரப்பிக்கொள்கிறது. நீங்கள் வரைந்து காட்டியதும் நிரப்புவதற்கு இடமில்லாமல் போகிறது.

நான் முதலில் பரிந்துரைப்பது, உருவத்தை விட்டுவிட்டு அது செய்ததை வரைவது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘ஓர்லா’ கதையின் 1887 வடிவம் மே 8-ஆம் தேதி தொடங்கும் ஒரு நாட்குறிப்பு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ரோஜாச் செடியருகே நிற்கிறது. காம்பு வளைகிறது, ஒடிகிறது, ஒரு கை வாயருகே கொண்டுபோனதுபோல் பூ வளைந்து மேலெழுந்து அந்தரத்தில் நிற்கிறது. இதை நான்கு கட்டமாக வையுங்கள். நான்கிலும் ஒரே கோணம், ஒரே தூரம், ஒரே வெயில். முதல் கட்டத்தில் செடி. இரண்டாவதில் ஒரு காம்பு மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது. மூன்றாவதில் அந்தக் காம்பின் நுனி வெறுமையாக இருக்கிறது; பூ கட்டத்தின் மேல் விளிம்பருகே தொங்குகிறது. நான்காவதில் பூவும் இல்லை. அசைவைக் காட்டும் கோடுகள், ‘படக்’ என்ற ஒலிச்சொல், அதிர்ந்த முகத்தின் நெருக்கக் காட்சி ஆகிய மூன்றுக்கும் கை துறுதுறுக்கும். ஒன்றையும் போடாதீர்கள். இரண்டாம் கட்டத்தைக் கவனிக்காமல் கடந்தவர் மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே போவார். அந்தத் திரும்பிப் போதலில்தான் பயம் பிறக்கிறது. எழுத்தாளருக்குக் கிடைக்காத வசதி இது.

சில கதைகளில் உருவமே நிறமாக இருக்கும். 1927 செப்டம்பரில் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழில் வந்த லவ்கிராஃப்டின் ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ அப்படிப்பட்டது. விண்கல்லோடு வந்த நிறம் எந்த நிறமாலையிலும் இல்லாதது என்கிறது கதை. வரைகிறவர்கள் பச்சையையோ ஊதாவையோ ஒளிரவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். மெஜந்தாவை எடுப்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: அதற்கென்று தனி அலைநீளம் கிடையாது, சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணில் விழும்போது மூளை உண்டாக்கிக்கொள்வது அது. ஆனால் எந்த நிறத்தை எடுக்கிறீர்கள் என்பதைவிட, மற்ற இடங்களில் அதை எப்படிப் பூட்டி வைக்கிறீர்கள் என்பது முக்கியம். தொடர் முழுவதற்கும் ஒரு வண்ணத்தட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேர்ந்தெடுத்த நிறம் விண்கல் விழும்வரை வானத்திலோ துணியிலோ கன்னச் சிவப்பிலோ, தலைப்பு எழுத்திலோகூட வரக் கூடாது. வந்த பிறகு அதற்கு நிழலும் வேண்டாம், சுற்றுக்கோடும் வேண்டாம். தட்டையாக, படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கட்டும். கதையில் பண்ணையே சாம்பலாகி நொறுங்குகிறது. ஆகவே அத்தியாயத்துக்கு ஒன்றாக மற்ற வண்ணங்களைத் தட்டிலிருந்து கழற்றிக்கொண்டே வாருங்கள். கடைசியில் அந்த நிறம் மட்டும்தான் மிஞ்ச வேண்டும்.

லவ்கிராஃப்டின் ‘தி கால் ஆஃப் கதுலூ’வின் கடலடி நகரம் இன்னொரு பொறி. அங்கே ஒரு மாலுமியை, குறுங்கோணமாக இருந்தும் விரிகோணம்போல நடந்துகொண்ட சுவர் மூலை ஒன்று விழுங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நகரம் முழுவதையும் முறுக்கிப் பிழிந்து வரைகிறார்கள். எல்லாம் கோணலானால் எது கோணல் என்று யாருக்குத் தெரியும்? மனிதர்கள், கயிறு, படிகள் எல்லாவற்றையும் தூரம் போகப் போகச் சிறுத்துக் காட்டும் ‘பெர்ஸ்பெக்டிவ்’ இலக்கணம் பிசகாமல் வரையுங்கள். ஒரே ஒரு சுவரின் மேல்விளிம்பை மட்டும் வேறொரு மறைபுள்ளிக்கு (கோடுகள் தூரத்தில் கூடும் புள்ளிக்கு) ஓடவிடுங்கள். அடுத்த கட்டத்தில் அதே மூலையை அதே கோட்டில் வரைந்து, நிழலை மட்டும் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். குழிந்திருந்த மூலை புடைத்துத் தெரியும். ஆளை அது விழுங்கியதைச் சொல்லத் தனியாக ஒரு படமே தேவைப்படாது.

அறிகுறி: படத்தை நீக்கினாலும் கதை புரிகிறது

கட்டத்துக்குக் கட்டம் விவரணைப் பெட்டி. படம் அதற்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. இந்தக் கதைகள் பெரும்பாலும் ‘நான்’ என்று தன்மையில், நடந்து முடிந்த பிறகு சொல்லப்படுபவை. கடிதம், நாட்குறிப்பு, வாக்குமூலம். உரையாடல் அரிது. அதனால் மூல வரிகளை அப்படியே பெட்டியில் கொட்டிவிடத் தோன்றும்.

ஒவ்வொரு பெட்டியையும் இப்படி விசாரியுங்கள். ‘இரவு மிகவும் இருண்டிருந்தது. நான் படிகளில் இறங்கினேன். விவரிக்க முடியாத அச்சம் என்னைப் பற்றியது.’ இருட்டு படத்தில் இருக்கிறது. படியும் இருக்கிறது. அச்சம் முகத்தில் தெரியவில்லை என்றால் முகத்தைத் திருத்த வேண்டும், பெட்டி போடக் கூடாது. ஆகவே மூன்று வரியும் போகட்டும். படத்தால் சொல்ல முடியாத ஒன்றுக்கு மட்டும் பெட்டி வையுங்கள்: ‘நேற்று இந்தப் படிகள் பதினேழு.’ படத்தில் பதினெட்டு வரையுங்கள். யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, வாசகரே எண்ணுவார்.

ஆவணங்களை அழித்துவிட வேண்டாம், அவற்றைப் பொருளாக்குங்கள். கதுலூ கதையில் கதைசொல்லி முக்கியமான செய்தியைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ஓர் அருங்காட்சியகத்தின் அலமாரியில் கற்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய தாள் தற்செயலாகக் கண்ணில் படுகிறது. அது 1925 ஏப்ரல் 18 தேதியிட்ட சிட்னி இதழ். இதைப் பெட்டிக்குள் சொல்வது பாவம். கற்களை வரையுங்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தாளில் பாதிப் படம் தெரியட்டும். அடுத்த கட்டத்தில் ஒரு கல் நகர்ந்திருக்கட்டும். செய்தி முழுவதையும் படிக்கும்படி அச்சடிக்க வேண்டியதில்லை. தலைப்பும் நான்கைந்து வரியும் தெரிந்தால் போதும், மீதியைக் கல் மறைக்கட்டும்.

உரையாடலுக்காக நாயகனுக்கு ஒரு நண்பனைச் சேர்ப்பது உண்டு. பெரும்பாலும் அந்த நண்பன் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பதற்காகவே உயிர்வாழ்கிறான். நடமாடும் விவரணைப் பெட்டிக்கு மீசை வைத்ததுபோல. சேர்ப்பதானால் நாயகனை நம்பாத ஒருவனைச் சேருங்கள், சண்டையாவது கிடைக்கும்.

அறிகுறி: மூன்றாம் அத்தியாயத்தோடு வாசகர்கள் நின்றுவிடுகிறார்கள்

‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது புகார். கதை ஒரே மூச்சில் படிக்க எழுதப்பட்டது. உச்சம் கடைசியில் ஒன்றே ஒன்று. அதைச் சமமான துண்டுகளாக வெட்டினால் முதல் ஏழு துண்டுகளும் முன்னுரையாகத்தான் இருக்கும். இதற்குப் பயந்து நடுவில் துரத்தலையோ கொலையையோ திணிப்பவர்கள் கடைசி உச்சத்தின் காற்றைத் தாங்களே பிடுங்கிவிடுகிறார்கள்.

வெட்டுமிடத்தை மாற்றுங்கள். நிகழ்ச்சியில் முடிக்காமல், ஏதோ ஒன்று பொருந்தாமல் உறுத்தும் இடத்தில் முடியுங்கள். ஆங்கில எழுத்தாளர் ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டின் ‘தி வில்லோஸ்’ 1907-இல் வந்தது. வியன்னாவைத் தாண்டி, வெள்ளம் புரளும் டான்யூபில் சிறு படகில் வரும் இருவர் புதர் மண்டிய மணல் தீவில் கூடாரம் போடுகிறார்கள். கதையின் முக்கால்வாசி, சின்னச் சின்ன உறுத்தல்களின் வரிசைதான். நீரில் புரண்டு போவது பிணம் என்று பயப்படுகிறார்கள், நீர்நாய். தூரத்தில் படகில் போகிற ஒருவன் இவர்களைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுச் சிலுவைக் குறி இட்டுக்கொள்கிறான். முதல் அத்தியாயத்தை அங்கே நிறுத்துங்கள். எச்சரிக்கை வசனம் வேண்டாம். கத்துவது காதில் விழவில்லை என்பதே போதும். அடுத்த அத்தியாயம் அடுப்பு மூட்டுவதில் தொடங்கட்டும். நாயகர்கள் அதை மறந்துவிட்டார்கள், வாசகர் மறக்கவில்லை.

பிறகு இரவில் புதர்களுக்கு மேலே எழும் உருவங்கள். காலையில் ஒரு துடுப்பைக் காணவில்லை. படகின் அடியில் ஒரு கிழிசல். மிச்சமிருக்கும் துடுப்பை யாரோ இழைத்து மெலிதாக்கியிருக்கிறார்கள். மணலில் புனல் வடிவக் குழிகள். இது ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயத்தின் கடைசிக் கட்டம். துடுப்பு காணாமல் போனதை அலறலோடு காட்ட வேண்டியதில்லை: படகின் உட்புறம், ஒரு துடுப்பு, மேலே காலை வெளிச்சம், அவ்வளவுதான். முந்தைய அத்தியாயங்களில் இரண்டு துடுப்பும் தெளிவாகத் தெரியும்படி வரைந்திருக்கிறீர்களா என்று மட்டும் சரிபாருங்கள். அங்கே சோம்பேறித்தனம் செய்திருந்தால் இந்தக் கட்டம் பலிக்காது.

தீவு வெள்ளத்தில் கரைந்துகொண்டே வருகிறது என்பதும் கதையில் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்புப் படமாகத் தீவை மேலிருந்து வரைந்து, வாரந்தோறும் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற புகாருக்கு இதைவிட அமைதியான பதில் எனக்குத் தெரியவில்லை.

தொடராக வெட்டுவது இந்தக் கதைகளுக்குப் புதிதும் அல்ல. லவ்கிராஃப்டின் தென்துருவக் குறுநாவல் 1936-இல் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை மூன்று பகுதிகளாக இதழில் வந்தது. தன் பத்திகளை இதழாசிரியர் வெட்டிக் குதறியதைப் பார்த்து அவர் கொதித்துப்போனார். நீங்கள் வெட்டும்போது அவர் ஆவி வராமலிருக்க ஒரே பரிகாரம், முதல் அத்தியாயத்தை வெளியிடுமுன் முழுக்கதையின் கட்ட அமைப்பையும் சிறு கிறுக்கல்களாகவாவது போட்டு முடித்துவிடுவது.

அறிகுறி: நாயகன் ஜவுளிக்கடை பொம்மைபோல் நிற்கிறான்

பார்ப்பது ஒன்றே அவன் வேலை. கைக்கு ஒரு தொழில் கொடுங்கள். விண்கல் கதையின் கதைசொல்லி நீர்த்தேக்கத்துக்காக நிலம் அளக்க வந்தவர். அளக்கட்டும், அளவு தப்பட்டும்.

அறிகுறி: திகில் கட்டம் முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறது

மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் வடிவில் பக்கம் திருப்புவது கிடையாது. அடுத்த படத்தின் மேல்விளிம்பு எப்போதும் திரையின் அடியில் தலைநீட்டிக்கொண்டிருக்கும். கணக்கு எளிது. 800 பிக்சல் அகலத்தில் வரைகிறீர்கள், வாசகரின் போன் 20-க்கு 9 விகிதம் என்றால் ஒரு நேரத்தில் அவருக்குத் தெரியும் உயரம் சுமார் 1,780 பிக்சல். கதவு திறக்கும் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் 400 பிக்சல் இடைவெளிதான் விட்டிருக்கிறீர்கள் என்றால், கைப்பிடியைப் பார்க்கும்போதே உள்ளே இருப்பதையும் பார்த்துவிடுவார். இடைவெளி ஒரு திரை உயரத்துக்குக் குறையக் கூடாது.

வெறும் கறுப்பை நீட்டினால் படம் ஏறவில்லை என்று நினைத்து வேகமாகத் தள்ளிவிடுவார் என்பது இதன் எதிர்ப்பக்கம். அந்த நீளத்தில் கண் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்: கீழிறங்கும் கயிறு, சுவர் விரிசல், மங்கிக்கொண்டே போகும் விளக்கொளி. இதை அத்தியாயத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். இரண்டாம் முறை நீண்ட இருட்டு வந்தால் வாசகர் தயாராகிவிடுவார்.

கோப்புகளைத் துண்டு போடும்போதும் கவனம். 800-க்கு 1,280 என்பது பரவலாகப் புழங்கும் துண்டளவு. கருவி தானாக வெட்டினால் கத்தி முகத்தின் நடுவில் விழலாம். இணையம் மெதுவாக இருக்கும்போது பாதி முகம் முதலில் வரும். ஒரே நிறம் பரவிய இடமாகப் பார்த்துக் கையால் வெட்டுங்கள்.

அறிகுறி: கணினியில் அற்புதம், போனில் கரி

அமானுஷ்யக் கதைக்காரர்கள் எல்லோருக்கும் இருட்டு பிடிக்கும். போன் திரைகளுக்கு அது பிடிக்காது. 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையிலான வெளிச்ச அளவில் 30-க்குக் கீழே கதைக்கு வேண்டிய எதையும் வைக்காதீர்கள். அங்கே இருப்பது கறுப்பாகவே தெரியும். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்து, உருவமும் பின்னணியும் ஒன்றாகக் கலந்தால் பின்னணியை வெளுப்பாக்குங்கள். கறுப்பு உருவம், சாம்பல் இரவு.

இருட்டில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தால் அது வேறு நோய். 5-லிருந்து 25-க்கு ஏறும் நிறச்சாய்வை 1,500 பிக்சல் உயரத்தில் பரப்பினால் மாறுவதற்கு இருக்கும் படிகளே இருபதுதான். ஒவ்வொன்றும் 75 பிக்சல் தடிமனில் தெரியத்தான் செய்யும். சாய்வின்மேல் மெல்லிய மணற்புள்ளிகளைத் தூவினால் பட்டை உடையும். பிறகு ஜேபெக்கில் அதிகம் சுருக்கினால் அந்தப் புள்ளிகளைத்தான் அது முதலில் தின்னும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

சாம்பல் நிறம் காட்ட நெருக்கமான புள்ளிகளால் நிரப்பும் புள்ளித் திரை போட்ட இடங்களில் அலை அலையாக வடிவங்கள் தோன்றினால், பெரிய அளவில் புள்ளி போட்டுப் பிறகு சுருக்கியிருக்கிறீர்கள். முதலில் சுருக்குங்கள், பிறகு புள்ளி போடுங்கள்.

அறிகுறி: கொம்பும் காலும் எழுத்தை விட்டு ஓடுகின்றன

‘கொ’ என்று தட்டினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது, அல்லது வட்டப்புள்ளிகள் முளைக்கின்றன. எழுத்துரு மேல் பழி இல்லை. ஓவிய மென்பொருள்கள் சிலவற்றுக்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கட்டத் தெரியாது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து தொடர்பான விருப்பத்தேர்வுக்குப் போய், தெற்காசிய மொழிகளையும் கையாளும் எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்து, புதிய கோப்பைத் திறந்தால் சரியாகும். உங்கள் மென்பொருளில் அந்த வசதியே இல்லை என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வசனத்தை அமைத்துப் படமாகக் கொண்டுவாருங்கள்.

குமிழிக்குள் சொல் அடங்கவில்லை என்றால் எழுத்தை நெருக்கிச் சப்பையாக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குமிழிகளை உயரமாக வரையும் பழக்கத்தை விட்டு அகலமாக வரையுங்கள். அதையும் முதல் கிறுக்கலிலேயே, முகத்துக்கு முன்பாக.

அறிகுறி: கடைசித் திருப்பம் சப்பென்று போகிறது

1926-இல் வந்த லவ்கிராஃப்டின் ‘தி அவுட்ஸைடர்’ கதையில் விருந்தினர்கள் சிதறி ஓடுகிறார்கள், கதைசொல்லி கண்ட கோரத்தை நோக்கிக் கை நீட்டுகிறான், விரலில் படுவது கண்ணாடி. எழுத்தில் ‘நான்’ என்பதற்கு முகம் இல்லை. படத்தில் முதல் கட்டத்திலேயே முகம் தேவைப்படுகிறது. தலைமயிரால் மறைத்து, முதுகை மட்டும் காட்டி என்று ஒளித்து விளையாடினால் ஐந்தாவது கட்டத்தில் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

முழுக்க அவன் கண் வழியே வரையுங்கள். கைகூட வரக் கூடாது. விருந்தினர்கள் ஓடும்போது எல்லோரும் நேராக வாசகரையே பார்க்கட்டும். யாரைப் பார்த்து மிரள்கிறார்கள் என்ற கேள்வி அப்போது கண்ணாடிக்கு முன்பே வந்துவிடும், வரட்டும். கை முதன்முறையாகக் கட்டத்துக்குள் நுழைவது கண்ணாடியைத் தொடத்தான். கதை பலருக்குத் தெரிந்தது என்பதால், அதோடு முடிக்காமல் அதற்குப் பிறகும் ஓர் அத்தியாயம் கொடுங்கள். ரகசியம் உடைந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதற்கு மூலத்திலேயே வரிகள் இருக்கின்றன.

அறிகுறி: பழைய கதையின் வெறுப்பும் கூடவே வந்துவிட்டது

லவ்கிராஃப்டின் இனவெறி அடிக்குறிப்பில் அடங்குகிற விஷயம் அல்ல. கதைகளின் உடம்பிலேயே ஓடுகிறது. எழுத்தில் ‘இழிந்த தோற்றமுள்ள மாலுமிகள்’ என்பது ஒரு கதைசொல்லியின் பார்வை என்றாவது வாதிடலாம். அதையே வரைந்துவிட்டால் அது தொடரின் உலகத்தில் உண்மையாகிவிடுகிறது. படத்துக்கு மேற்கோள் குறி கிடையாது.

பயம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். கதுலூ கதையில் வழிபாட்டுக் கூட்டம் எந்த இனம் என்பதை எடுத்துவிட்டால் எதுவும் சரிவதில்லை, பெருவணிகர்களாகக்கூட வரையலாம். மனிதரும் கடல்வாழ் உயிர்களும் கலந்த ஊரைப் பற்றிய அவரது இன்ஸ்மவுத் கதையில் அப்படி முடியாது, அங்கே கலப்புக் குருதிதான் பயமே. அதை வரைவதானால், கடைசியில் கதைசொல்லி தன் கடலடி உறவினரோடு சேர மகிழ்ச்சியோடு புறப்படும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பக்கமிருந்து மொத்தத்தையும் திருப்பி எழுத வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் வேறு கதையை எடுங்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்ற முன்குறிப்பு எதையும் சரிசெய்யாது.

அறிகுறி: தொடரை நீக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது

பழைய கதை என்றாலே பொதுச் சொத்து என்று நினைப்பதில் வருவது இது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் அந்தக் காலக் கதைகளுக்கு, உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். மாப்பசான் 1893-இலும் லவ்கிராஃப்ட் 1937-இலும் பிளாக்வுட் 1951-இலும் இறந்தார்கள். ஆனால் மாப்பசானை நீங்கள் படித்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அதன் வசனங்களை அப்படியே எடுத்திருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு கண்ணி, லவ்கிராஃப்டின் உலகத்தைப் பிறர் நீட்டித்தபோது சேர்ந்த தெய்வங்கள். குதுகாவும் இதாக்குவாவும் எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத்தின் கைவண்ணம். அவர் 1971வரை வாழ்ந்தவர். விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் பார்த்துப் பழகியதால் மூலத்திலேயே இருப்பதாகத் தோன்றும். வரையுமுன் ஒவ்வொரு பெயரும் எந்தக் கதையில், எந்த ஆண்டில், யார் எழுதி முதலில் வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எந்தப் பதிப்பைப் பார்த்து வசனம் எழுதினீர்கள் என்பதையும் அதிலேயே சேருங்கள். அறிவிப்பு வந்தால் தளத்துக்கு அனுப்ப வேண்டியது அந்தத் தாள்தான்.